குடலுக்குச் சாதி தெரியாது, குடிநீர்த் தொட்டிக்குத் தெரியும்

2022 டிசம்பர் 26. புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் ஒன்றியம் முத்துக்காடு ஊராட்சியில் இருக்கும் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்குள் மனித மலம் கிடந்தது. அதற்கு முன்பே அந்தக் குடியிருப்பின் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிருந்தது. குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தொட்டியில் ஏறிப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

மறுநாள் அன்றைய மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேவும் நேரில் வந்தபோது இன்னும் இரண்டு உண்மைகள் தெரியவந்தன. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை. இறையூர் அய்யனார் கோயிலுக்குள் தலித்துகளுக்கு அனுமதி இல்லை. ஆட்சியர் அன்றைக்கே மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். 2023 சனவரியில் வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சத்யநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. இரண்டாண்டுகளுக்கும் மேலான விசாரணைக்குப் பிறகு, 2025 சனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. அடுத்த மாதமே வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து சாதாரண நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிக் கட்சிகளும் இந்தக் குற்றப்பத்திரிகையை ஏற்க மறுத்து சிபிஐ விசாரணை கேட்டன.

"பாத்தீங்களா, அவங்களே கலந்துக்கிட்டாங்க" என்று பரப்பியவர்களின் மகிழ்ச்சியை நாம் எல்லோரும் சமூக ஊடகங்களில் பார்த்தோம். அந்த மகிழ்ச்சிக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். யார் கலந்தது என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லட்டும். நீதிமன்றத்துக்கு வெளியே, நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அந்தக் கேள்விக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. ஒரு சாதியின் பிள்ளைகளை மட்டும் நோயாளி ஆக்கும்படி ஒரு தண்ணீர்த் தொட்டி எப்படி நின்றது? இறையூரும் வேங்கைவயலும் ஒரே தொட்டியில் குடித்திருந்தால், அதில் மலம் கலப்பவர் யாராக இருந்தாலும் ஊர் முழுவதற்கும் அல்லவா கலந்திருக்க வேண்டும்? குறிபார்க்க முடிந்ததற்குக் காரணம், குறி ஏற்கெனவே பிரித்து வைக்கப்பட்டிருந்ததுதான்.

*

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. முனைவர் பட்ட ஆய்வாளர். நான் வேலை செய்வது சளிச்சவ்வு நோயெதிர்ப்பியல் ஆய்வகம் ஒன்றில். மூக்கு, நுரையீரல், குடல் என்று வெளியுலகமும் உடம்பும் சந்திக்கும் ஈரமான எல்லைகளை உடம்பு எப்படிக் காக்கிறது என்பதுதான் எங்கள் படிப்பு. என் பங்கு குடல். எளிமையாகச் சொன்னால், மலத்தில் இருக்கும் கிருமிகளையும் எதிர்ப்புரதங்களையும் அளப்பது என் அன்றாட வேலை.

இதை வீட்டில் விளக்குவது எளிதல்ல. எங்கள் உறவில் நகராட்சித் தூய்மைப் பணியில் முதுகு ஒடிந்தவர்கள் உண்டு. "பீ அள்ளக் கூடாதுன்னுதானத்தா ஒன்னயப் படிக்க வச்சோம்? நீ பத்து வருசம் படிச்சுப்புட்டு அதையே டப்பால போட்டு வச்சிருக்கேங்கிற!" என்று அப்பத்தா கேட்டது வேடிக்கைக்காக மட்டுமல்ல. நான் கையுறை இரண்டு அடுக்கு மாட்டி, காற்று வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டிக்குள் கைவிட்டு, அரை கிராம் மலத்தை எடுத்து, மைனஸ் 80 டிகிரி குளிர்பெட்டியில் பெயர்ச்சீட்டு ஒட்டிப் பூட்டி வைக்கிறேன். அதற்கு ஒரு பாதுகாப்பு விதிப் புத்தகமே இருக்கிறது. அதே நகரத்தில், கையுறைகூட இல்லாமல் ஒருவர் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்படுகிறார். 2013-இல் சட்டம் வந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் உயிரிழப்புக்கு 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை. மலம் ஒன்றுதான். தொடுகிற கை எந்தக் கை என்பதைப் பொறுத்து அது 'மாதிரி' ஆகிறது அல்லது 'தீட்டு' ஆகிறது.

*

இந்தத் தீட்டு என்ற சொல்லைப் பற்றி என் துறையிலிருந்து கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் எங்கள் துறையின் பெயரைச் சொல்லியே அதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள். கொரோனா காலத்தில் உங்களுக்கும் வாட்சப்பில் வந்திருக்கும்: "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல, தள்ளி நில் என்று சொன்னது சமூக இடைவெளிதான், தீட்டு என்பது அந்தக் காலத்துச் சுகாதாரம்." படித்தவர்கள், வெள்ளை அங்கி போட்டவர்கள்கூட இதை அனுப்பினார்கள்.

சுகாதாரத்துக்கும் தீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, காலம். தொற்று உள்ளவரைத் தனிமைப்படுத்துவது சில நாட்களுக்கு. நோய் தீர்ந்தால் அவர் வெளியே வரலாம். தீட்டு பிறக்கும்போதே தொடங்குகிறது. செத்த பிறகும் தனிச் சுடுகாடு வரை கூடவே வருகிறது. எந்தக் கிருமியும் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவை மட்டும் பிடித்துக்கொண்டு இருப்பதில்லை.

இரண்டாவது, வழி. கிருமி எந்த வழியில் வரும் என்று எங்களுக்குத் தெரியும். தண்ணீர், உணவு, கை, ஈ. தீட்டு போகிற வழி விசித்திரமானது. நாற்று நடுகிற கை, களை எடுக்கிற கை, கதிர் அறுக்கிற கை, நெல் தூற்றுகிற கை எல்லாம் சேரியின் கை. அந்த நெல் நேராக அக்கிரகாரத்து அடுப்புக்கும் பண்ணையார் வீட்டுப் பானைக்கும் போகும்போது தீட்டு இல்லை. அதே கை டீக்கடையில் கண்ணாடிக் குவளையைத் தொட்டால் தீட்டு. இது உழைப்பை வாங்கிக்கொண்டு ஆளைத் தள்ளி வைக்கிற கணக்கு. எந்த நுண்ணோக்கியிலும் அது தெரியாது.

மூன்றாவது, மருந்து. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு மகத் நகரின் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி அதற்கு முன்பே தீர்மானம் போட்டிருந்தது. மக்கள் குடித்துவிட்டுப் போன பிறகு ஆதிக்கச் சாதியினர் என்ன செய்தார்கள்? 108 குடம் பஞ்சகவ்யத்தைக் குளத்தில் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். பஞ்சகவ்யத்தில் பால், தயிர், நெய்யோடு மாட்டுச் சாணமும் மாட்டு மூத்திரமும் உண்டு. மனிதர் கைபட்ட தண்ணீரைச் சாணம் கலந்து சுத்தமாக்குகிற இந்த நடைமுறையைச் சுகாதாரம் என்று சொல்லும் நோயெதிர்ப்பியலாளர் யாரும் உண்டா? சவுதார் குளத்து உரிமையைச் சட்டப்படி உறுதி செய்ய பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மகத் குளத்தில் ஊற்றிய சாணத்துக்கும் வேங்கைவயல் தொட்டியில் கிடந்த மலத்துக்கும் நடுவே 95 ஆண்டுகள். இரண்டு இடத்திலும் தண்ணீரின் வழியாகத்தான் மனிதர்களுக்கு அவர்களின் 'இடம்' உணர்த்தப்பட்டது.

*

இனி குடலுக்கு வருவோம். உங்கள் குடலின் உட்சுவர் ஒரே ஓர் அடுக்கு செல்களால் ஆனது. அந்த ஒற்றை அடுக்குக்கு ஒருபுறம் கோடானுகோடி கிருமிகள், மறுபுறம் உங்கள் ரத்தம். உடம்பின் நோயெதிர்ப்புச் செல்களில் பெரும்பங்கு இந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. நாள்தோறும் சில கிராம் ஐஜிஏ என்ற எதிர்ப்புரதம் அங்கே சுரக்கிறது. உடம்பு தயாரிக்கும் மற்ற எதிர்ப்புரத வகைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் இதன் அளவுக்கு வராது. சாப்பாட்டையும் நல்ல கிருமிகளையும் சகித்துக்கொண்டு, தீங்கு செய்வதை மட்டும் பிடித்து வெளியேற்ற வேண்டும். குழந்தை பிறந்த முதல் இரண்டாண்டில் குடல் இந்த நிதானத்தைக் கற்றுக்கொள்கிறது.

அந்த இரண்டு ஆண்டுகளில் தண்ணீரோடு மலக்கிருமிகள் மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? வயிற்றுப்போக்கு வெளியே தெரியும் பாதி. தெரியாத பாதி உள்ளே நடக்கிறது. உணவை உறிஞ்சும் விரல் போன்ற குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. சுவர் கசிகிறது. எதிர்ப்பு அமைப்பு ஓயாமல் போர்க்கோலத்திலேயே இருக்கிறது. சாப்பிட்ட சோறு வளர்ச்சிக்குப் போகாமல் இந்தப் போருக்குப் போகிறது. இதைச் சுற்றுச்சூழல் சார்ந்த குடல் பாதிப்பு என்கிறோம். இந்த ஆராய்ச்சியில் நம் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே செல்வின் பேக்கரும் வி.ஐ.மாத்தனும் 1970களின் தொடக்கத்திலேயே இதைப் பற்றி எழுதினார்கள்.

இது பிறப்பால் வருவதா, இடத்தால் வருவதா என்ற கேள்விக்கும் அப்போதே பதில் கிடைத்துவிட்டது. 1960களில் அன்றைய பாகிஸ்தானில் பணிபுரிய வந்த அமெரிக்க அமைதிப்படைத் தன்னார்வலர்களை மருத்துவர் லிண்டன்பாமும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். நல்ல உணவு, நல்ல உடம்போடு வந்த வெள்ளைக்கார இளைஞர்களின் குடலும் இங்கே வாழ்ந்த சில காலத்தில் அதே போலத் தேய்ந்தது. ஊர் திரும்பிய பிறகு மெல்ல மெல்லச் சரியானது. ஆக, கெட்டது தண்ணீரும் சுற்றமும். "அவங்க உடம்பு வாகே அப்படி" என்று சொல்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

தடுப்பூசியிலும் இதே கதைதான். வாய்வழிச் சொட்டு மருந்து குடலில்தான் வேலை செய்ய வேண்டும். வேலூரில் டி.ஜேக்கப் ஜான் 1972-லேயே காட்டினார்: போலியோ சொட்டு மருந்துக்கு மேலைநாட்டுக் குழந்தைகளிடம் கிடைத்த எதிர்ப்புச் சக்தி நம் குழந்தைகளிடம் அதே அளவில் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தியக் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து தேவைப்பட்டது. 2014-இல்தான் போலியோ இல்லாத நாடு என்ற சான்று வந்தது. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்துகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடும் வயிற்றுப்போக்கை 85 விழுக்காட்டுக்கும் மேல் தடுக்கின்றன. டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் நடந்த ஆய்வில் நம் நாட்டின் ரோட்டாவாக் காட்டியது சுமார் 56 விழுக்காடு. காரணங்கள் பல: தாயிடமிருந்து வரும் எதிர்ப்புரதம், குடலில் ஏற்கெனவே இருக்கும் தொற்றுகள், தேய்ந்த குடல். அந்த மருந்தால் எத்தனையோ உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரே மருந்து இரண்டு குழந்தைகளுக்கு இரண்டு அளவில் பலன் தருகிறது என்றால், மருந்துக்கு முன்பே அங்கே ஏதோ போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு முறை மலம் கலந்த தண்ணீரைக் குடித்ததாலேயே ஒரு குழந்தையின் குடல் ஆயுளுக்கும் கெட்டுவிடும் என்று நான் சொன்னால் அது அறிவியல் ஆகாது. பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள். ஆபத்து திரும்பத் திரும்ப நடப்பதில் இருக்கிறது. வேங்கைவயல் ஒரு நாள் செய்தி ஆனது. சாக்கடைக்குள் படுத்துக் கிடக்கும் குழாய், மூடி இல்லாத தொட்டி, மாதக்கணக்கில் குளோரின் காணாத தண்ணீர் என்று செய்தி ஆகாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிற வேங்கைவயல்கள்தான் குடலைத் தின்கின்றன. அவை பெரும்பாலும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பது ஊரில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். தொட்டி கட்டுகிற ஒப்பந்தக்காரருக்கும் தெரியும்.

*

தீட்டு சுகாதாரத்துக்கு உதவியதா என்று கேட்டால், நேர் எதிரான சான்றுதான் இருக்கிறது. டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் இருவரும் 2017-இல் 'வேர் இந்தியா கோஸ்' என்ற நூலை எழுதினார்கள். இந்தியாவைவிட ஏழை நாடுகளில்கூடக் கழிப்பறை பயன்பாடு கூடுதலாக இருக்கும்போது, இங்கே மட்டும் ஏன் திறந்தவெளி என்பது அவர்களின் கேள்வி. விடை தீண்டாமையில் இருந்தது. எளிய குழிக் கழிப்பறை ஒருநாள் நிரம்பும், அதை யாராவது அள்ள வேண்டும். தன் வீட்டுக் குழியைத் தானே தொடுவது இழிவு என்று சாதி சொல்லிக் கொடுத்திருக்கிறது. அள்ளி வந்தவர்களோ இனி அள்ள மாட்டோம் என்கிறார்கள். ஆகவே வயல்வெளி. அந்த வயல்வெளியிலிருந்து கிருமி எல்லா வீட்டுக்கும் வருகிறது, ஆதிக்கச் சாதி வீட்டுக்கும் சேர்த்து. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடம் இந்த விகிதம் மற்றவர்களைவிடக் கூடுதல். தீட்டு என்பது நோயைத் தடுத்த பழைய அறிவு அல்ல. நோயை உண்டாக்குகிற இன்றைய ஏற்பாடு.

அதற்காக, சாதி தவறு என்பதற்கு நாம் அறிவியலிடம் சான்றிதழ் வாங்கி நிற்க வேண்டியதில்லை. நாளைக்கே யாராவது ஏதோ ஒரு புள்ளிவிவரத்தைக் காட்டித் தள்ளி வைப்பது நல்லது என்றாலும் தீண்டாமை குற்றம்தான். அது மனித மதிப்பு சார்ந்த கேள்வி. அறிவியலிடம் நாம் கேட்பது வேறு: எங்கள் மீது நடப்பதை அள, பதிவு செய், மறைக்காதே.

*

வேங்கைவயலுக்கு அறிவியல் வந்தது. எந்த அறிவியல் வந்தது என்று பாருங்கள். டிஎன்ஏ ஒப்பீட்டுக்காக ரத்த மாதிரி கேட்டு வந்தது. மலம் கலந்த தண்ணீரைக் குடித்தவர்களிடமே ரத்தம் கேட்டது. பலர் மறுத்தார்கள், அதற்கு அவர்களைத்தான் சந்தேகப்பட்டார்கள். எடுத்த மாதிரிகள் பொருந்தவில்லை என்று பின்னர் செய்தி வந்தது. தண்ணீரில் பல நாள் ஊறிய மலத்தில் மனித டிஎன்ஏ சிதைந்துகொண்டே இருக்கும், அதில் பெரும்பங்கு பாக்டீரியாவின் மரபுப்பொருள் என்பது மலத்தோடு வேலை செய்யும் எவருக்கும் தெரியும். அந்தச் சோதனை எளிதில் பதில் சொல்லாது என்பது முதல் நாளே எதிர்பார்க்கக்கூடியது. இரண்டு ஆண்டுகள் தொலைக்காட்சியில் டிஎன்ஏ பற்றிப் பேசினோம். அந்தப் பிள்ளைகளின் எடை என்ன, உயரம் என்ன, எத்தனை முறை வயிற்றுப்போக்கு, எத்தனை நாள் பள்ளிக்கு விடுப்பு என்று ஒரு விவாதத்திலாவது யாராவது கேட்டார்களா?

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழை நகரம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க அதன் குடிநீர் ஆற்றுநீருக்கு மாற்றப்பட்டது. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது. அங்கேயும் தண்டனை எதிர்பார்த்தபடி கிடைக்கவில்லை. அதிகாரிகள் மீதான குற்றச்சாட்டுகள் பதிவான முறை செல்லாது என்று 2022-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இரண்டு வேலைகள் நடந்தன. மிச்சிகன் மாநிலக் குடிமை உரிமைகள் ஆணையம் 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, இது யாரோ ஒருவரின் தவறு மட்டுமல்ல, பல பத்தாண்டுகளாகக் கட்டமைக்கப்பட்ட இனப்பாகுபாட்டின் விளைவு என்று பெயர் சொல்லி எழுதியது. ஒரு பல்கலைக்கழகம் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் உடல்நலப் பதிவேட்டைத் தொடங்கி, அவர்களை மருத்துவ உதவிகளோடு இணைத்தது. சுமார் 62 கோடி டாலர் இழப்பீட்டில் பெரும்பங்கு அப்போது சிறுவர்களாக இருந்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அமெரிக்கா நீதியின் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. குற்றவாளி யார் என்று முடிவாகும் முன்பே பாதிக்கப்பட்டவர் யார் என்று முடிவு செய்ய முடியும், அவ்வளவுதான். வேங்கைவயலில் குற்றவாளியைத் தேடப் போனவர்கள் பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார்கள்.

*

ஏன் இந்தக் கேள்விகளை எங்கள் ஆய்வகங்கள் கேட்பதில்லை? கேட்கக்கூடியவர்கள் அங்கே குறைவு. ஐஐடிகளிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் பேராசிரியர் பதவியில் தலித், பழங்குடியினர் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று தகவல் அறியும் சட்டத்தில் பெற்ற தரவுகளோடு 'நேச்சர்' இதழ் 2023-இல் எழுதியது. ரோகித் வெமுலா ஹைதராபாத் பல்கலைக்கழகத்திலும் சேலத்து முத்துக்கிருஷ்ணன் ஜேஎன்யூவிலும் ஆய்வு மாணவர்களாக இருந்தபோதுதான் நாம் அவர்களை இழந்தோம். என்னைப் போல ஆய்வேட்டை முடிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு அடுத்த படி போஸ்ட்டாக். அந்த இடங்கள் பெரும்பாலும் திட்ட நிதியில், ஒரு பேராசிரியர் இன்னொரு பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் நிரம்புகின்றன. உதவித்தொகை மாதக்கணக்கில் வராதபோது கடன் வாங்கி வாடகை கொடுத்தவள் நான். மல மாதிரிகளைப் பிரிக்கும் வேலை ஒவ்வொரு முறையும் என் பக்கம் வந்தபோது, "உனக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்று ஒரு மூத்த ஆய்வாளர் சிரித்தார். பழக்கம்தான். அந்த மாதிரியில் என்ன தேட வேண்டும் என்பதும் எனக்குப் பழக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு. இந்திய மருத்துவ ஆய்வுகளில் குடும்பத்தின் நிலையைக் குறிக்கப் பெரும்பாலும் குப்புசாமி அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 1976-இல் வந்தது. குடும்பத் தலைவரின் கல்வி, தொழில், குடும்ப வருமானம் என மூன்று கட்டங்கள். சாதிக்குக் கட்டம் இல்லை. எந்தத் தெரு, எந்தத் தொட்டி, குழாய் ஊர்ப்பக்கமிருந்து வருகிறதா என்ற கேள்வியும் இல்லை. ஆகவே எங்கள் கட்டுரைகளில் 'குறைந்த வருமானச் சூழல்', 'மோசமான சுகாதாரம்' என்றெல்லாம் வரும், காலனி என்ற சொல் வராது. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் பெரிய ஆய்வுகள் நடத்தி, எளிய கழிப்பறை, கைகழுவல், குளோரின் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-19-இல் வெளிவந்த முடிவுகளில் அவற்றால் குழந்தைகளின் வளர்ச்சி கூடவில்லை. அரைகுறை ஏற்பாடு போதாது, முழு ஊரின் தண்ணீரும் கழிவும் மாற வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். நம் ஊரில் அதற்குப் பெயர் சேரிக்குத் தனியாக ஒரு குழாய் போட்டுக் கொடுப்பதை நிறுத்துவது.

புதுக்கோட்டைக்கு இதில் ஒரு மரபு உண்டு. 1886-இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி மரபைச் சேர்ந்த தாய்க்கு மகள். ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மீறிச் சேர்ந்தார், 1912-இல் மருத்துவரானார். பின்னாளில் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராக நின்றார். மருத்துவம் படித்ததால் மட்டும் அவருக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. எங்கிருந்து படிக்க வந்தாரோ அங்கிருந்து தோன்றியது.

என் கோரிக்கைகள் சிறியவை. வேங்கைவயல் பிள்ளைகளுக்கு 18 வயது வரை ஓர் உடல்நலப் பதிவேடு வேண்டும். 2017-இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி இதைச் செய்ய முடியும். ஒப்புதல் கேட்டு, மக்களின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். ரத்தம் கேட்டு மிரட்டியது போல அல்ல. மாவட்டத்தின் ஒவ்வொரு ஊராட்சியிலும் எந்தத் தொட்டி எந்தத் தெருவுக்கு, கடைசியாக எப்போது கழுவினார்கள், குளோரின் அளவு என்ன என்று சாதிவாரியாக எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். தனித் தொட்டி இனிக் கட்டக்கூடாது, இருப்பவற்றைப் பொதுக் குழாயோடு இணைக்க வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் உடல்நல ஆய்வுகளின் படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் வேண்டும்.

இளைய தோழர்கள் இதற்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். ஊரில் எத்தனை தொட்டி, எது யாருக்கு என்று எழுந்து நின்று கேளுங்கள். "அது காலனி டேங்க்குப்பா" என்று யாராவது சாதாரணமாகச் சொல்வார்கள். ஏன் என்ற அடுத்த கேள்வியையும் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.